முதல் பேய்க்கதையாக எதைக் கொடுப்பது?

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வந்து, "பழைய மாளிகை, இருட்டு, ஆவி எல்லாம் வருகிற மாதிரி ஒரு கதை வேண்டும்" என்று கேட்டால் பெரியவர்களுக்கு வருவது ஒரே கவலைதான்: ராத்திரி தூங்குமா? நியாயமான கவலை. ஆனால் அதை மட்டும் வைத்துப் புத்தகம் தேடப்போனால் தடுமாறிவிடுவோம். சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்மஸ் கேரல்’ கதையில் செத்துப்போன மார்லி, தலையைச் சுற்றியிருக்கும் கட்டை அவிழ்த்ததும் தாடை நெஞ்சுவரை தொங்கிவிடும். இவ்வளவு கோரமாக உள்ளே வரும் பேய்கள் குறைவு. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் எழுதிய ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’வில் வரும் பேய்கள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஒன்று கோபுரத்தின் மேல் நிற்கிறது. இன்னொன்று ஏரிக்கு அக்கரையில் நிற்கிறது. படித்த பெரியவர்களுக்கே பல நாள் மனம் அடங்காது.

மார்லி எதற்காக வந்தார் என்று நமக்குத் தெரியும். பழைய கூட்டாளியை எச்சரிக்க வந்தார், எச்சரித்தார், போய்விட்டார். ஹென்றி ஜேம்ஸின் பேய்களுக்கு என்ன வேண்டும், அவை நிஜமாகவே இருக்கின்றனவா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியையின் மனம் உண்டாக்கியவையா என்று கடைசிவரை பிடிபடாது. அதனால் இளம் வாசகருக்கான சரித்திரப் பேய்க்கதை எதுவானாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஆவி யார், அதற்கு என்ன வேண்டும், கதை முடிவதற்குள் அந்தக் கணக்கு தீர்கிறதா, தீர்த்துவைப்பது யார்? ரத்தமும் எலும்பும் எவ்வளவு என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வகைக்கு ‘கோதிக்’ என்று பெயர் விழக் காரணமானவர் ஹோரஸ் வால்போல். 1764-இல் ‘தி காஸில் ஆஃப் ஓட்ராண்டோ’வை வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் ‘ஒரு கோதிக் கதை’ என்ற துணைத்தலைப்பைச் சேர்த்தார். முன்னோர் செய்த பாவம் வாரிசின் தலையில் விழும் என்பார்களே, அந்தக் கதையில் அது நிஜமாகவே விழுகிறது. கல்யாண நாளில் ஒரு ராட்சதத் தலைக்கவசம் மேலிருந்து விழுந்து வாரிசை நசுக்கிவிடுகிறது. இன்றைய பிள்ளைக்கு அந்த நாவலைப் படிக்கக் கொடுக்க வேண்டியதில்லை, நடை ஓடாது. ஆனால் பழைய கட்டடம், மறைத்த குற்றம், தப்பே செய்யாத இளையவர் தலையில் வந்து விழும் பழி என்ற அதன் சட்டகம் இதற்குப் பின் வந்த எல்லாக் கதைகளிலும் இருக்கிறது.

என் முதல் சிபாரிசு ஆஸ்கர் வைல்டின் ‘தி கேன்டர்வில் கோஸ்ட்’. 1887-இல் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்த நெடுங்கதை. ஒரே நாளில் படித்து முடித்துவிடலாம். அமெரிக்கத் தூதர் ஓட்டிஸ், இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகையை வாங்குகிறார். அங்கே பேய் உண்டு என்று விற்கிறவரே சொல்கிறார். சாமான்களோடு சேர்த்துப் பேய்க்கும் விலை போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார் ஓட்டிஸ். நூலக அறைத் தரையில் ஒரு ரத்தக்கறை. 1575-இல் சர் சைமன் தன் மனைவியைக் கொன்ற இடம் அது. மூன்று நூற்றாண்டாக யாரும் அழிக்காத அந்தக் கறையை, கடையில் விற்கும் கறைநீக்கியை எடுத்து ஓட்டிஸின் மூத்த மகன் நொடியில் துடைத்துவிடுகிறான். மறுநாள் கறை திரும்ப வருகிறது. மறுபடி துடைக்கிறான். நாளாக ஆக கறையின் நிறம் மாறுகிறது. ஒருநாள் மரகதப் பச்சையில்கூட இருக்கிறது. காரணம், பேய் அந்த வீட்டுப் பெண் வர்ஜீனியாவின் வண்ணப்பெட்டியிலிருந்து சாயத்தைத் திருடிக் கறை போடுகிறது. சிவப்பு தீர்ந்துபோனால் பாவம் அது என்ன செய்யும்!

சங்கிலி இழுத்துக்கொண்டு நடக்கும் பேயிடம், சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சொல்லி எண்ணெய்ப் புட்டியை நீட்டுகிறார் ஓட்டிஸ். இரட்டைப் பையன்கள் தலையணையை எறிகிறார்கள். போலிப்பேய் ஒன்றைச் செய்து வைத்து நிஜப்பேயை அலறியோட வைக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை இங்கே வயிறு குலுங்கச் சிரிக்கும். சிரித்துக்கொண்டே கோதிக் கதையின் சாமான்கள் முழுவதையும் தெரிந்துகொண்டும் விடும்: கறை, சங்கிலி, ரகசிய அறை, புயலிரவு, விசுவாசமான வேலைக்காரி.

கேலி செய்யப்படும் பொருளைப் பார்க்காத பிள்ளைக்குக் கேலி எப்படிப் புரியும் என்று கேட்கலாம். சங்கிலிப்பேயைக் கார்ட்டூனில் பார்க்காத பிள்ளை இன்று அபூர்வம். மூலத்தைப் படிக்காமலே மரபை எல்லோரும் உறிஞ்சிக்கொண்டுவிட்டார்கள். அதனால் இந்தக் கதை வேலை செய்கிறது.

ஆனால் நான் இதை முதலில் வைப்பது கதையின் கடைசிப் பகுதிக்காக. கேலியெல்லாம் ஓய்ந்தபின் பேய் தனியாக உட்கார்ந்திருக்கிறது. பதினைந்து வயது வர்ஜீனியா அதனிடம் பேசப் போகிறாள். கொலை தப்பில்லையா என்று கண்டிக்கிறாள். அது தன் தரப்பைச் சொல்கிறது: மனைவியின் சகோதரர்கள் தன்னைப் பட்டினி போட்டே கொன்றார்கள், முந்நூறு ஆண்டாகத் தூக்கம் இல்லை, தனக்காக அழவும் வேண்டிக்கொள்ளவும் ஒரு கள்ளமில்லாத பிள்ளை வேண்டும். வர்ஜீனியா அதன் கையைப் பிடித்துக்கொண்டு சுவருக்குள் போகிறாள். அதுவரை சிரித்த பிள்ளை இங்கே மூச்சுவிடாமல் கேட்கும். நான் முன்பு சொன்ன கேள்விகள் எல்லாவற்றுக்கும் இதில் பதில் தெளிவாக இருக்கிறது. ஆவி குற்றவாளி. அதற்கு வேண்டியது தூக்கம். கணக்கைத் தீர்ப்பது ஒரு சிறுமி.

இரண்டு இடங்களில் பெரியவர் துணை வேண்டும். வைல்டின் வாக்கியங்கள் நீளமானவை. அமெரிக்கர், ஆங்கிலேயர் பற்றிய நையாண்டி பிள்ளைக்கு அப்படியே போய்ச் சேராது. உரக்கப் படித்துக் காட்டினால் பாதி சிக்கல் தீரும். இன்னொன்று, மனைவியைக் கொன்றதற்குச் சர் சைமன் சொல்லும் காரணம்: அவளுக்குச் சமைக்கத் தெரியாது, கழுத்துச் சுருக்கத்துணிக்குச் சரியாகக் கஞ்சி போடமாட்டாள். 1887-இல் அது வெறும் சிரிப்பு. இன்று ஒரு பெண்பிள்ளை முகத்தைச் சுளிக்கலாம். சுளித்தால் நல்லதுதான், அங்கே நிறுத்திப் பேசலாம்.

வைல்டுக்கு நேர் போட்டி டிக்கன்ஸ். ‘கிறிஸ்மஸ் கேரல்’ 1843 டிசம்பர் 19 அன்று வெளியானது. முதல் பதிப்பின் 6,000 பிரதிகளும் பண்டிகைக்கு முன்னாலேயே விற்றுத் தீர்ந்தன. அந்த ஆண்டு குழந்தைத் தொழிலாளர் நிலையை விசாரித்த அரசு ஆணையத்தின் அறிக்கை டிக்கன்ஸை உலுக்கியது. முதலில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுத நினைத்தார். பிறகு கதையாகச் சொன்னால்தான் தைக்கும் என்று முடிவு செய்தார். மூன்றாம் பகுதியில் ஓர் ஆவி தன் அங்கியை விலக்க, உள்ளிருந்து எலும்பும் தோலுமான இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்க்கின்றன. ஒன்றின் பெயர் அறியாமை, மற்றதன் பெயர் வறுமை. மார்லியைவிட அவர்கள்தான் பயங்கரம். சரித்திரம் பேயாக வருவது எப்படி என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட இதைவிடச் சிறந்த பக்கம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஏன் இது முதல் கதை இல்லை? காரணம் எளிது. கதையின் நடுவில் நிற்பவர் ஒரு கிழவர். மனம் மாற வேண்டியவரும் அவரே. பிள்ளை வாசகர் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறது. தவிர, கதை உலகத்துக்கே தெரிந்துவிட்டது. கருமி திருந்துவான் என்று முதல் பக்கத்திலேயே பிள்ளை சொல்லிவிடும். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்துக்கொள்ளலாம். அப்போது சுருக்கப்பட்ட பதிப்பு வேண்டாம். டிக்கன்ஸைச் சுருக்கினால் மிஞ்சுவது நீதிக்கதை மட்டும்.

இந்த இரண்டும் பெரியவர்களுக்காக எழுதப்பட்டுப் பிள்ளைகள் கைக்கு வந்தவை. பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்டவற்றில் மூன்று நாவல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மூன்றும் இங்கிலாந்தில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் அதற்குச் சற்றுப் பிறகும் வந்தவை. மூன்றிலும் ஒரு பையன் பழைய வீட்டுக்குப் புதிதாக வருகிறான். ஆனால் மூன்று பேரும் சந்திக்கும் ஆவிகளுக்குள் ஒற்றுமையே கிடையாது.

பிலிப்பா பியர்ஸின் ‘டாம்ஸ் மிட்நைட் கார்டன்’ 1958-இல் வந்து, சிறுவர் நூலுக்கான பிரிட்டிஷ் விருதான கார்னகி பதக்கம் பெற்றது. அந்தப் பதக்கத்துக்கு 70 ஆண்டு நிறைந்தபோது 2007-இல் நடந்த வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்ற நாவலும் இதுதான். தம்பி பீட்டருக்கு அம்மை. அதனால் டாமை மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பழைய பெரிய வீட்டைத் தடுத்துக் குடித்தனங்களாக்கிய இடம் அது. கூடத்தில் ஒரு நெடுங்கடிகாரம். ஒரு ராத்திரி அது பதின்மூன்று அடிக்கிறது. டாம் பின்கதவைத் திறக்கிறான். பகலில் குப்பைத்தொட்டிகள் நிற்கும் முற்றம் இருந்த இடத்தில் விக்டோரியா காலத்துத் தோட்டம் விரிந்து கிடக்கிறது. அங்கே ஹாட்டி என்ற அநாதைச் சிறுமி. அவளும் தோட்டக்காரரும் தவிர வேறு யார் கண்ணிலும் டாம் படுவதில்லை.

ஆவி யார் என்ற கேள்வியை இந்த நாவல் திருப்பிப் போட்டுவிடுகிறது. நீதான் பேய் என்று டாம் ஹாட்டியிடம் சண்டை போடுகிறான். நீதான் பேய் என்று அவள் இவனிடம் சண்டை போடுகிறாள். யோசித்தால் இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு ராத்திரி இடி விழுந்து சாய்ந்த மரம் அடுத்த ராத்திரி நிமிர்ந்து நிற்கிறது. ஹாட்டி ஒருமுறை பார்க்கையில் சிறுமி, இன்னொருமுறை வளர்ந்தவள். டாமுக்கோ வயது ஏறவே இல்லை. உறைந்துபோன ஆற்றின் மேல் இருவரும் ஈலி நகர்வரை சறுக்கிப்போகும் அத்தியாயத்தில், பனியில் அவளுக்குத் தெரியாமலே அவளுடைய பிள்ளைப் பருவம் முடிந்துகொண்டிருக்கிறது. பயம் என்று பார்த்தால் இந்த நாவலில் ஒன்றுமே இல்லை. பிரிவின் துக்கம் உண்டு. கடைசிக்கு முந்தைய பக்கங்களில் அழாத பெரியவர்கள் குறைவு. முடிவை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

பேயின் திகிலை எதிர்பார்த்து வரும் பிள்ளைக்கு இது ஏமாற்றம் தரும். முதல் ஐம்பது பக்கம் மெதுவாகப் போகும். தனியாகப் படிக்கும் பழக்கம் உள்ள, கொஞ்சம் அமைதியான பிள்ளைக்கு இதற்கு இணை கிடையாது.

பெனலபி லைவ்லியின் ‘தி கோஸ்ட் ஆஃப் தாமஸ் கெம்ப்’ 1973-இல் வந்தது. அதுவும் கார்னகி பதக்கம் பெற்றது. புதிதாகக் குடிவரும் பழைய வீட்டின் மாடியறையைச் சரிசெய்யும்போது வேலையாட்கள் பழைய புட்டி ஒன்றை உடைத்துவிடுகிறார்கள். 17-ஆம் நூற்றாண்டு மந்திரவாதியின் ஆவி வெளியே வந்து, அந்த வீட்டுப் பையன் ஜேம்ஸைத் தன் சீடன் என்று தானே தீர்மானித்துக்கொள்கிறது. பேசாது, எழுதும். கரும்பலகையில், காகிதத்தில், கிடைத்த இடத்திலெல்லாம் பழைய எழுத்துக்கூட்டலில் கட்டளைகள். மருத்துவரையும் போலீஸையும் நம்பாதே, என்னிடம் வா என்று ஊருக்கு அறிவிப்பு வைக்கிறது. அக்கம்பக்கத்துக் கிழவியைச் சூனியக்காரி என்று எழுதிப்போடுகிறது. பழியெல்லாம் ஜேம்ஸ் தலையில்.

செய்யாத குறும்புக்குத் திட்டு வாங்குவது எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த அவஸ்தை. அதனால் கதை உடனே பிடித்துக்கொள்ளும். இதைவிட எனக்குப் பிடித்தது அதற்கடியில் இருக்கும் சரித்திரம். தாமஸ் கெம்ப் வாழ்ந்த காலத்தில் வைத்தியம், திருட்டுப்பொருள் கண்டுபிடிப்பு, சூனிய வழக்கு எல்லாவற்றுக்கும் ஊரார் இப்படிப்பட்ட ஆளிடம்தான் போவார்கள். முந்நூறு ஆண்டு கழித்து எழுந்து பார்த்தால் தன் வேலை முழுவதையும் வேறு வேறு ஆட்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேலை போன கோபம்தான் அதன் பேய்க்குணம். கடைசியில் அது களைத்துப்போய் அந்தப் பையனிடமே உதவி கேட்கிறது. பேயோட்ட வருபவர் ஒரு கட்டட வேலைக்காரர். குழாய் பழுது பார்க்கும் தொனியில் அவர் பேயைப் பற்றிப் பேசுவது அந்நாவலின் தனிச் சுவை. ஒன்பது வயதிலிருந்தே கொடுக்கலாம்.

லூசி பாஸ்டனின் ‘தி சில்ட்ரன் ஆஃப் கிரீன் நோ’ 1954-இல் வந்தது. எழுத்தாளர் தன் அறுபதுகளில் எழுதிய முதல் சிறுவர் நாவல். கதையில் வரும் மாளிகை அவருடைய சொந்த வீடு, ஹெமிங்ஃபோர்ட் கிரே என்ற ஊரில் 1130-களில் கட்டப்பட்டது. அங்கே வெள்ளத்தின் நடுவே படகில் வந்து இறங்கும் டோலி, தன்னோடு விளையாட மூன்று பிள்ளைகள் அந்த வீட்டில் இருப்பதை மெல்ல உணர்கிறான். அவர்கள் 1665-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் இறந்தவர்கள். லண்டனில் மட்டும் 68,000 பேருக்கு மேல் மாண்டதாக அக்காலப் பதிவேடுகள் சொல்லும் நோய் அது. ஆனால் நாவலில் ஓலமே இல்லை. செத்த பிள்ளைகள் சிரிக்கின்றன, பாடுகின்றன, ஒளிந்து விளையாடுகின்றன. கொள்ளுப்பாட்டிக்கு அவர்கள் இருப்பது வெகுகாலமாகத் தெரியும், அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வதே இல்லை. ஆவிகளுக்கு இங்கே எதுவும் வேண்டாம், அதனால் தீர்க்க வேண்டிய கணக்கும் இல்லை. திகிலுக்கென்று இருப்பது சாபம் பெற்ற ஒரு மரம் மட்டும். அந்தச் சாபக்கதையில் ஜிப்சிகளைக் காட்டியிருக்கும் விதம் இன்று பழசாகிவிட்டது. படித்துக் காட்டும்போது அதையும் சொல்லிவிடலாம்.

இந்த மூன்றில் ஒன்றுதான் வாங்கலாம் என்றால் கெம்ப். மறுபடி மறுபடி எடுத்துப் படிக்க டாம். கிரீன் நோவை, தாத்தா பாட்டியோடு ஒட்டுதல் அதிகமுள்ள பிள்ளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சமீபத்தில் வந்தவற்றில் எட்டு வயதுக்காரருக்கு ஏற்றது கிறிஸ் ரிடெலின் ‘காத் கேர்ல்’ வரிசை. முதல் புத்தகம் 2013-இல் வந்து, சிறுவர் நூலுக்கான கோஸ்டா விருது பெற்றது. அதில் பேய் ஓர் எலி. படங்களுக்காகவே வாங்கலாம். எம்மா கரோலின் ‘ஃப்ராஸ்ட் ஹாலோ ஹால்’ அடுத்த படி. உறைந்த ஏரியில் விழுந்த ஏழைப் பெண்ணை முன்பு அதே ஏரியில் இறந்த பையனின் ஆவி காப்பாற்ற, அவள் அந்த மாளிகையிலேயே வேலைக்காரியாகச் சேர்கிறாள். விக்டோரியா காலத்து மாளிகையை அடுக்களைப் பக்கமிருந்து காட்டுவது இதன் பலம். பழைய கதைகளில் வேலைக்காரர்கள் அலறி மயங்கி விழுவதற்கு மட்டும்தான் வருவார்கள்.

பன்னிரண்டு தாண்டியவர்களுக்குப் பிரான்சிஸ் ஹார்டிங்கின் ‘எ ஸ்கின்ஃபுல் ஆஃப் ஷேடோஸ்’, 2017. இங்கிலாந்தில் 1642-இல் மூண்ட உள்நாட்டுப் போர் பின்னணி. ஒரு பிரபுக் குடும்பம் இறந்த மூதாதையரின் ஆவிகளை வாரிசுகளின் உடம்புக்குள் குடியேற்றியே அதிகாரத்தைக் கைவிடாமல் வைத்திருக்கிறது. நாயகி மேக்பீஸ் அந்தக் குடும்பத்துக்கு முறைப்படி மணமாகாத உறவில் பிறந்தவள். அவளுக்குள் புகுந்திருப்பதோ சித்திரவதைப்பட்டு இறந்த ஒரு கரடியின் ஆவி. முன்னோர் பாவம் பிள்ளை தலையில் விழுவது என்ற பழைய சட்டகத்தை இவ்வளவு நேரடியாக எடுத்து ஆடிய இன்னொரு சிறுவர் நாவல் அரிது. தடிமனான புத்தகம், கதைமாந்தர் அதிகம். வாசிப்புப் பழக்கம் ஊன்றிய பிள்ளை விழுங்கிவிடும், மற்றவர்கள் நடுவில் விட்டுவிடுவார்கள்.

இனி நிஜமாகவே பயமுறுத்துபவை. இங்கேதான் தேர்வில் கவனம் வேண்டும்.

எம்.ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜில் பழஞ்சுவடி அறிஞர், கிங்ஸ் கல்லூரியின் தலைவராகவும் பிறகு ஈட்டன் பள்ளியின் தலைவராகவும் இருந்தவர். கிறிஸ்மஸ் சமயத்தில் நண்பர்களைக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டவே பேய்க்கதை எழுதினார். 1904-இல் வந்த முதல் தொகுப்பில் ‘லாஸ்ட் ஹார்ட்ஸ்’ என்ற சிறுகதை உண்டு. 1811-ஆம் ஆண்டு. தாய்தந்தை இல்லாத ஸ்டீபனை வயதான உறவினர் ஆப்னி தன் மாளிகைக்கு வரவழைத்து அன்பாக ஏற்றுக்கொள்கிறார். பையனின் வயதைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். முன்பும் இரண்டு அநாதைப் பிள்ளைகளை அவர் சேர்த்துக்கொண்டதாக வீட்டுக் காரியம் பார்க்கும் அம்மாள் சொல்கிறார். அந்த இருவரையும் பிறகு யாரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தவரை இந்தக் கதையைப் பற்றிப் பெரியவர்கள் பயப்படுவது தவறான இடத்தில். நெஞ்சில் ஓட்டையோடு வரும் இரண்டு பிள்ளைப்பேய்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அந்தப் பேய்கள் ஸ்டீபனுக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. அவற்றின் கணக்கு வேறொருவரோடு. கணக்கு தீர்ந்தும் விடுகிறது. கதையில் உண்மையான பயங்கரம் ஆப்னிதான். அன்பாகப் பேசும், படித்த, மரியாதைப்பட்ட பெரியவர். அதனால் வயது மட்டும் போதாது. பெரியவர் மேல் வைத்த நம்பிக்கை குலைவதைத் தாங்கும் பக்குவம் வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில், கூடவே பேச ஓர் ஆள் இருக்கும்போது கொடுத்தால் இது மறக்காத கதையாகும். பத்து வயதில் வேண்டாம்.

டிக்கன்ஸின் ‘தி சிக்னல்மேன்’ (1866) இதற்குச் சமமான பயம், வேறு வகை. ரயில் பாதையோரப் பள்ளத்தில் தனியாக வேலை பார்க்கும் ஒருவருக்கு, விபத்துக்கு முன்னால் ஓர் உருவம் தோன்றிக் கையசைக்கிறது. எச்சரிக்கிறது, ஆனால் எதை எச்சரிக்கிறது என்று சொல்வதில்லை. டிக்கன்ஸ் அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்டில் நடந்த ரயில் விபத்தில் சிக்கித் தப்பியவர். பத்துப் பேர் இறந்த அந்த இடத்தில் காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உதவினார். சரியாக ஐந்து ஆண்டு கழித்து அதே தேதியில் இறந்தார். இதைச் சொல்லிவிட்டுக் கதையைக் கொடுத்தால், மாளிகையும் மெழுகுவத்தியும் இல்லாமல், அன்றைய புது இயந்திரத்தின் நடுவிலும் பேய் வரும் என்பது பதினான்கு வயதுக்காரருக்கு உறைக்கும். ஆவிக்கு என்ன வேண்டும் என்பது கடைசிவரை தெரியாததால் அதற்குக் கீழே வேண்டாம்.

சூசன் ஹில்லின் ‘தி வுமன் இன் பிளாக்’ (1983) பற்றிக் கேட்காத இளம் வாசகர் இல்லை. அதன் நாடக வடிவம் லண்டனில் 1989 முதல் 2023 வரை ஓடியது, படமும் வந்தது. அலை ஏறினால் மூழ்கிவிடும் பாதைக்கு அப்பால் தனியாக நிற்கும் வீடு, பனிமூட்டத்துக்குள் கேட்கும் குதிரைவண்டிச் சத்தம். எழுத்து அப்படியே ஆளைக் கட்டிப்போடும். கல்யாணமாகாத தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்ட சமூகத்தின் கொடுமைதான் அந்த ஆவியின் வேர், அதில் சரித்திரம் உண்டு. ஆனால் அந்த ஆவிக்கு நியாயம் கிடைத்தாலும் அடங்குவதாக இல்லை. அது பழிவாங்குவது பிள்ளைகளை. முடிவில் ஆறுதல் என்று ஒரு துளி கிடையாது. பதினைந்துக்குக் கீழே நான் கொடுக்கமாட்டேன். ஹென்றி ஜேம்ஸை அதற்கும் பிறகு வைப்பேன். கதையில் பிள்ளைகள் இருப்பதால் அது பிள்ளைகளுக்கான கதையாகிவிடாது.

தன் பிள்ளை இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. சார்லட் பிராண்டியின் ‘ஜேன் ஐர்’ (1847) நாவலின் இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பத்து வயது ஜேனைத் தண்டனையாகச் சிவப்பு அறையில் அடைக்கிறார்கள். அவளுடைய மாமா இறந்த அறை அது. இருட்டுகிறது. சுவரில் ஒரு வெளிச்சம் ஓடுகிறது. அவள் அலறுகிறாள். சில பக்கங்கள்தான். படித்து முடித்ததும் பிள்ளை என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். "அது நிஜப்பேயா?" என்று கேட்டால் எம்.ஆர். ஜேம்ஸ் பக்கம் போகும் ஆள், வயது வந்ததும் கொடுக்கலாம். "ஏன் அவளைப் பூட்டினார்கள்?" என்று கோபப்பட்டால் டிக்கன்ஸும் எம்மா கரோலும். "அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள்?" என்றால் டாமும் ஹாட்டியும் காத்திருக்கிறார்கள். ஒன்றும் கேட்காமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டால் வைல்டை எடுத்துச் சிரிக்க வையுங்கள்.

வைல்ட், டிக்கன்ஸ், பிராண்டி, எம்.ஆர். ஜேம்ஸின் முதல் தொகுப்பு எல்லாம் காப்புரிமை முடிந்தவை. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பியர்ஸ், லைவ்லி, பாஸ்டன், ஹார்டிங் ஆகியோரின் புத்தகங்களை வாங்கத்தான் வேண்டும், அல்லது நூலகத்தில் எடுக்க வேண்டும். வாங்குவதானால் பியர்ஸுக்கும் லைவ்லிக்கும் முதலிடம். ஆங்கிலம் இன்னும் தயக்கமாக வரும் பிள்ளைக்கு லைவ்லியின் நடை இந்த நான்கில் எளிது.

இத்தனையும் படித்து, இனி எந்தப் பேய்க்கும் பயமில்லை என்று மார்தட்டும் வயதில் ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தேங்கர் அபே’யைக் கையில் கொடுத்துவிடலாம். கோதிக் நாவல்களாகப் படித்துத் தள்ளிய பதினேழு வயதுப் பெண், விருந்தாளியாகப் போன பழைய வீட்டு அலமாரியில் புயலிரவில் ஒரு காகிதச் சுருளைக் கண்டெடுக்கிறாள். மெழுகுவத்தி அணைந்துவிடுகிறது. ராத்திரி முழுக்க நடுங்கிக் கிடந்து, விடிந்ததும் பிரித்துப் பார்க்கிறாள். உள்ளே இருப்பது சலவைக் கணக்கு.